வெண்பனிக்கு எத்தனை நிறம்?
குளிர்கால நிலக்காட்சிப் படங்களில் கறுப்பு வெள்ளையும் வண்ணமும்

ராத்தாவின் மகன் துருக்கியின் கிழக்கே எர்சுரூம் நகரத்தில் படிக்கிறான். புலமைப்பரிசில் கிடைத்துப் போனவனுக்கு இது இரண்டாவது குளிர்காலம். கடந்த தை மாதத்தில் ஓர் இரவு அவனிடமிருந்து வட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. கூடவே ஒரு குரல் பதிவு:

"மாமா, ரெண்டும் ஒரே படந்தான். ஒண்டக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாத்தன். கெம்பஸ்ல படக் கண்காட்சி வைக்கிறாங்க, ஒரு ஆளுக்கு ஒரு படந்தான். எது சோக்கா இரிக்கி? எதக் குடுக்க?"

விடுதிக்குப் பின்னால் ஏறிச் செல்லும் ஒரு சரிவு. முழுக்க வெண்பனி. இலையுதிர்ந்த மரங்கள் ஒரு வரிசையில் நிற்கின்றன. நடுவே ஒற்றையடிப் பாதை. அதில் ரொட்டிப் பையோடு ஒரு மனிதர் நடந்து போகிறார். தொலைவில் மாடிவீடு ஒன்று. வண்ணப் படத்தில் பனி முழுவதும் நீலம் பாய்ந்திருந்தது. அந்த மாடிவீட்டின் ஒரு ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. மரங்கள் மை கொண்டு கீறியவை போல நின்றன.

எனக்குக் கறுப்பு வெள்ளைதான் உடனே பிடித்தது. பக்கத்திலிருந்த ராத்தாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "புள்ள தனிச்சிப் போய் நிக்கிற மாதிரி இரிக்கி. மத்தப் படத்தக் காட்டு" என்றார். வண்ணப் படத்தைக் கண்டதும் அவர் விரல் நேரே அந்த மஞ்சள் ஜன்னலுக்குத்தான் போனது. "ஆ, இஞ்ச ஆள் இரிக்காங்க."

பாதையில் நடந்து போகிறவர் தன் மகன் இல்லை என்பது ராத்தாவுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு படம் அவரைக் கலங்க வைத்தது, மற்றது ஆறுதல்படுத்தியது. எடுத்த இடம் ஒன்று, நேரம் ஒன்று, எடுத்தவனும் ஒருவன். மாறியது நிறம் மட்டுமே. ஆகவே மருமகனுக்கு "இதுதான் நல்லது" என்று ஒரு வரியில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நான் யோசித்ததையும் தேடிப் படித்ததையும் இங்கு ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

பனி வெள்ளை அல்ல

'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனையோ விடயங்களைச் சொல்லிவிடுகிறோம். அதிகாலைப் புல்லில் இருப்பதும் பனி, மலைநாட்டு வீதியை மறைப்பதும் பனி, நுவரெலியாவில் சில தை மாதங்களில் தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதும் பனி. வானத்திலிருந்து பஞ்சு போல விழுந்து மாதக் கணக்கில் தரையில் கிடக்கும் வெண்பனி நமது அனுபவத்தில் இல்லாதது. எனவே அது வெள்ளையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

புதிதாக விழுந்த வெண்பனி தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 வீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். ஏறக்குறைய எல்லா நிறங்களையும் சமமாகவே திருப்புவதால் அதற்கென்று பெரிதாக ஒரு நிறமில்லை. எந்த ஒளி அதன்மேல் விழுகிறதோ அந்த ஒளியின் நிறமே அதன் நிறம். காலைச் சூரியன் நேரே படும் மேட்டில் அது பொன்மஞ்சள். அதே மேட்டின் நிழல் பக்கத்தில் சூரியன் இல்லை, நீல வானத்தின் ஒளி மட்டுமே இருக்கிறது. அங்கே அது நீலம். நம் கண்ணும் மூளையும் சேர்ந்து "இது பனி, வெள்ளை" என்று திருத்திக்கொள்வதால் நேரில் நிற்கும்போது அந்த நீலம் அவ்வளவாகத் தெரிவதில்லை. கமெரா அப்படித் திருத்திக்கொள்வதில்லை. இருந்ததை இருந்தபடி எழுதிவிடும்.

மருமகனுடைய படத்தில் பாய்ந்திருந்த நீலம் கமெராவின் பிழை அல்ல. மாலை மங்கும் நேரம் அது. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. நிலத்தில் எஞ்சியிருந்தது வானத்தின் ஒளி மட்டுமே.

இதோடு ஒளியளவு பற்றிய சிக்கலும் ஒன்று இருக்கிறது. கமெராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. வழக்கில் 18 வீத ஒளியைத் திருப்பும் சாம்பல் என்பார்கள். சட்டகம் முழுக்கப் பனி நிறைந்தால் "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று நினைத்துக் கமெரா ஒளியைக் குறைத்துவிடும். வெண்பனி அழுக்குச் சாம்பலாகப் பதியும். முதல் வருடம் மருமகன் எடுத்த படங்களெல்லாம் இப்படித்தான் இருண்டு போயின. "கமெரா பழுதாப் போச்சோ மாமா" என்று கேட்டான். பழுதில்லை. பனியை எடுக்கும்போது கமெரா சொல்வதைவிட ஒன்று முதல் இரண்டு ஸ்டொப் வரை ஒளியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் யோசெமிட்டி மலைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் புகழ்பெற்ற அன்சல் அடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சர் என்பவரோடு சேர்ந்து வகுத்த 'வலய முறை' இதற்கு ஒரு வழி காட்டுகிறது. முழுக் கறுப்பைப் பூச்சியம் என்றும் முழு வெள்ளையைப் பத்து என்றும் வைத்தால் நடுச் சாம்பல் ஐந்தாவது வலயம். வெயில் படும் பனி எட்டாவது வலயத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் பனியின் மணிமணியான தோற்றம் போய் வெற்றுத்தாள் ஆகிவிடும். கீழே இறங்கினால் சிமெந்து போலாகிவிடும். வண்ணமோ கறுப்பு வெள்ளையோ, பனிப் படத்தின் உயிர் ஏழுக்கும் எட்டுக்கும் இடையிலுள்ள அந்த ஒடுங்கிய இடத்தில்தான் இருக்கிறது. அதைத் தவறவிட்ட படத்தை நிறத்தை நீக்கிக் காப்பாற்ற முடியாது.

கியரொஸ்தமியின் மரங்கள்

ஈரானியத் திரைப்பட இயக்குநர் அப்பாஸ் கியரொஸ்தமியை (1940–2016) நம் வாசகர்களில் பலர் அறிவார்கள். அவர் ஒரு நிழற்படக் கலைஞரும்கூட என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1970களின் இறுதியிலிருந்து பல ஆண்டுகளாகக் குளிர்காலத்தில் தெஹ்ரானை விட்டு வெளியே போய்ப் பனியில் நிற்கும் மரங்களை எடுத்துக்கொண்டே இருந்தார். 'வெண்பனி' வரிசை என்று அறியப்படும் அந்தப் படங்கள் கறுப்பு வெள்ளை. வெறுமையான பனித்தரையில் சில அடிமரங்கள், அவற்றின் நீண்ட நிழல்கள். அவ்வளவுதான்.

அவற்றில் எது மரம், எது நிழல் என்று ஒரு கணம் கண் தடுமாறும். இரண்டும் ஒரே கறுப்பில் கிடக்கின்றன. வண்ணத்தில் எடுத்திருந்தால் மரம் கபிலமாகவும் நிழல் நீலமாகவும் பிரிந்து நின்றிருக்கும். தடுமாற்றமே வந்திராது. நிறத்தை எடுத்துவிட்டதால் பொருளும் அதன் நிழலும் சமமாகிவிட்டன.

கறுப்பு வெள்ளையின் வேலை இதுதான். பொருள் எதனால் ஆனது என்பதை அது பின்தள்ளி, எப்படி நிற்கிறது என்பதை முன்னே கொண்டுவருகிறது. கோடு, வடிவம், இடைவெளி, ஒளியின் ஏற்றத்தாழ்வு ஆகிய நான்குமே அதன் மூலதனம். குளிர்காலம் இந்த நான்கையும் தானாகவே கொண்டுவந்து தருகிறது. இலைகள் உதிர்ந்து மரம் கோடாகிவிடுகிறது. பனி விழுந்து தரையின் சச்சரவுகளை மூடிவிடுகிறது. சூரியனும் தாழ்ந்து வருகிறது. டிசம்பர் 21 அளவில் எர்சுரூமில் நண்பகற் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 27 பாகை உயரத்துக்கே ஏறும். அதே நாளில் இலங்கையில் அது 60 பாகை அளவில் நிற்கும். அவ்வளவு தாழ்ந்த ஒளி பக்கவாட்டில் வரும்போது பனியின் ஒவ்வொரு மடிப்பும், ஒரு பூனையின் காலடி கூட, நிழல் போட்டுத் தன்னைக் காட்டிவிடுகிறது.

அதே கியரொஸ்தமி மழையை எடுத்தபோது வண்ணத்துக்குப் போனார். கார்க் கண்ணாடியில் வழியும் நீர்த்துளிகளுக்கு அப்பால் கலங்கித் தெரியும் மரங்களும் வாகன வெளிச்சங்களும் அந்த 'மழை' வரிசையில் உள்ளன. உருவம் கரைந்துபோன இடத்தில் பிடிமானமாக எஞ்சுவது நிறம் மட்டுமே என்பதால் அங்கே வண்ணம் தேவைப்பட்டது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். அவர் கறுப்பு வெள்ளைக் கட்சிக்காரரும் அல்லர், வண்ணக் கட்சிக்காரரும் அல்லர். முன்னால் இருந்த பொருள் கேட்டதைக் கொடுத்தார்.

இஸ்தான்பூலின் இரு குளிர்காலங்கள்

'இஸ்தான்பூலின் கண்' என்று அழைக்கப்பட்டவர் ஆரா குலெர் (1928–2018). ஆர்மேனிய வம்சாவளியினர். 1950, 60களின் இஸ்தான்பூலை, அதன் படகோட்டிகளை, பனி விழும் துறைமுகத்தை, ஈரக் கல் வீதிகளைக் கறுப்பு வெள்ளையில் பதிந்தார். தன்னைக் கலைஞன் என்று சொல்வதை அவர் விரும்பவில்லை, பத்திரிகைப் படப்பிடிப்பாளன் என்றே சொல்லிக்கொண்டார். அந்தக் காலத்துப் பத்திரிகைத் தொழில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே நடந்தது. கொடாக்குரோம் வண்ணப் பிலிம் 1930களிலேயே சந்தைக்கு வந்துவிட்ட போதும் பத்திரிகைத் தாளில் வண்ணம் அச்சிடுவது செலவான காரியம். இன்றைக்கும் நம் சிற்றிதழ்களின் உட்பக்கங்கள் கறுப்பு வெள்ளையாக இருப்பது அழகியல் கொள்கையினால் அல்ல, அச்சகக் கணக்கினால்தானே!

நாவலாசிரியர் ஓர்ஹான் பாமுக் 'இஸ்தான்பூல்' என்ற தன் நினைவு நூலில் (2003) தன் சிறுவயது நகரத்தைக் கறுப்பு வெள்ளை நகரமாகவே நினைவுகூர்கிறார். 'கறுப்பு வெள்ளை' என்ற தலைப்பில் ஓர் அத்தியாயமே அதில் உண்டு. நூலிலுள்ள படங்களில் பல ஆரா குலெருடையவை. குளிர்கால மாலை, பனி, மங்கிய தெரு விளக்கு, வீழ்ந்துபோன ஒரு பேரரசின் துயரம் எல்லாம் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

அழகான வாதம்தான். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. கறுப்பு வெள்ளை எந்தக் காட்சியையும் 'அந்தக் காலம்' ஆக்கிவிடும். நேற்று எடுத்த படமும் 60 வருடத்துக்கு முந்தியது போலத் தெரியும். அத்தோடு வறுமையை வடிவாக்கியும் விடும். நிலக்கரி எரிக்கும் குடியிருப்பில் பனி நீண்ட நாள் வெள்ளையாக இருப்பதில்லை. கரி படிந்து கறுக்கும், வண்டிச் சக்கரம் ஏறிச் சேறாகும், பழுப்பாகும். வண்ணத்தில் அது அழுக்கு என்று கண்ணுக்கு உடனே தெரியும். கறுப்பு வெள்ளையில் அந்த அழுக்கு இன்னொரு அழகான சாம்பல் தொனியாக மாறிவிடும். அங்கே மூச்சு முட்டி வாழ்கிற மனிதனுக்கு அது நியாயமா என்பதைப் படமெடுப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு மறுபக்கமாக நூரி பில்கே ஜெய்லானைச் சொல்லலாம். 1959இல் பிறந்தவர், நிழற்படத்திலிருந்து திரைப்படத்துக்குப் போனவர். 'உசாக்' (தொலைவு) என்ற அவருடைய 2002ஆம் ஆண்டுப் படத்தில், வேலை தேடிக் கிராமத்திலிருந்து இஸ்தான்பூல் வரும் ஒருவன் பனி மூடிய துறைமுகக் கரையில் சாய்ந்து கிடக்கும் ஒரு பெரிய கப்பலின் முன் நடக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அது வண்ணப் படம். ஆனால் நிறங்கள் அடங்கியவை. பின்னர் 'துருக்கி சினிமாஸ்கோப்' என்ற பெயரில் அனத்தோலியாவின் ஊர்களையும் இஸ்தான்பூலையும் அகன்ற சட்டகங்களில் வண்ணப் புகைப்படங்களாக எடுத்தார். அவற்றிலும் பனி இருக்கிறது, துயரமும் இருக்கிறது. ஆனால் அது இன்றைய துயரம். பார்க்கிறவர் "அந்தக் காலம்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இன்னொரு செய்தியும் உண்டு. கறுப்பு வெள்ளை இஸ்தான்பூலுக்காக அத்தனை பக்கம் எழுதிய அதே பாமுக், ஒரு குளிர்காலத்தில் தன் வீட்டு பல்கனியிலிருந்து பொஸ்பரஸ் நீரிணையின் வாயிலைப் பார்த்து 8,500 படங்கள் எடுத்தார். 'பால்கொன்' என்ற நூலாக 2018இல் அவற்றில் ஒரு பகுதி வெளிவந்தது. அவை வண்ணப் படங்கள். பழைய நகரத்தை நினைவுகூரும்போது கறுப்பு வெள்ளை தேவைப்பட்டவருக்கு, ஒரே கடலும் வானமும் மணிக்கு மணி மாறுவதைப் பார்க்க வண்ணம் தேவைப்பட்டிருக்கிறது. நினைவுக்கு ஒன்று, கண்முன் நிற்பதற்கு இன்னொன்று.

எர்சுரூமில் ஒரு பரீட்சை

மருமகனுக்கு நான் ஒரு சிறிய வேலை கொடுத்தேன். அவன் இருக்கும் நகரத்திலேயே இரண்டு பழைய கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் உள்ளன. ஒன்று 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரட்டை மினாரா மத்ரசா. செங்கல்லால் எழுந்த அதன் இரண்டு மினாராக்களிலும் நீலப்பச்சை மெருகோடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. மற்றது 'மூன்று கும்பத்' எனப்படும் கூம்புக் கூரைக் கல்லறைகள். முழுக்கக் கல். இரண்டையும் பனி நாளில் எடுத்து, இரண்டையும் இரு விதமாகவும் மாற்றிப் பார் என்றேன்.

முடிவை அவனே கண்டுபிடித்தான். "மாமா, மினாராவக் கறுப்பு வெள்ளையாக்கினா ஓடும் செங்கல்லும் ஒண்டாப் போகுது. ஓடு பதிச்சதே தெரியல்ல. ஆனா கல்லறைக்கி நிறமே தேவல்ல."

காரணம் எளிது. செங்கல்லின் சிவப்பும் ஓட்டின் நீலப்பச்சையும் நிறத்தில் எதிரெதிரானவை. ஆனால் அவை ஒளியைத் திருப்பும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், நிறத்தை எடுத்தவுடன் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். வேறுபாடு நிறத்தில் மட்டும் இருக்கும் காட்சியை வண்ணத்தில் விட வேண்டும். வேறுபாடு ஒளியில் இருந்தால் கறுப்பு வெள்ளை தாங்கும். கல்லறைகளில் இருந்தது வெயில் படும் பக்கம், படாத பக்கம், கூம்பின் கூர், கூரையில் தங்கிய பனி. எல்லாம் ஒளியின் வேறுபாடுகள்.

செய்முறையில் சில குறிப்புகள்

முதலாவது, கமெராவிலேயே கறுப்பு வெள்ளை என்று வைத்து ஜேபெக் கோப்பாக மட்டும் எடுத்தால் நிறம் திரும்பி வராது. 'ரோ' கோப்பாக எடுங்கள். அதில் நிறத் தகவல் முழுதும் இருக்கும். கமெராத் திரையை மட்டும் கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொண்டால் கோடும் வடிவமும் உடனே கண்ணுக்குத் தெரியும், தீர்ப்பை வீட்டுக்கு வந்து எழுதலாம்.

இரண்டாவது, நிறத்தை வெறுமனே பூச்சியமாக்குவது கறுப்பு வெள்ளை ஆகாது. பிலிம் காலத்தில் வில்லைக்கு முன்னால் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புக் கண்ணாடிகளை மாட்டுவார்கள். அவை நீல ஒளியைத் தடுக்கும். வானம் இருளும். பனியின் நிழல்களும் நீலம்தானே, அவையும் இருண்டு, மேடு பள்ளம் துலங்கும். இன்று மென்பொருளில் நீலத்தின் அளவை இறக்கினால் அதே விளைவு கிடைக்கும். அளவு மீறினால் வானம் கரிச்சட்டி போலாகிப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். மெல்லச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, வண்ணத்தில் விடுவதானால் நீலத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டாம். கமெராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை சில வேளை எல்லாப் பனியையும் சுண்ணாம்பு அடித்த சுவர் போலாக்கிவிடும். வெயில் படும் பனி சற்று மஞ்சளாகவும் நிழற்பனி சற்று நீலமாகவும் இருந்தால்தான் குளிர் தெரியும். இந்த இரண்டு நிறங்களின் உரையாடலே குளிர்கால வண்ணப் படத்தின் ஆதாரம்.

நான்காவது, மூட்டமான நாளில் வானமும் நிலமும் ஒரே சாம்பலாகிவிட்டால் காட்சியே பாதி கறுப்பு வெள்ளைதான். அப்போது வண்ணம் எதையும் கூட்டித் தராது என்று பலர் நிறத்தை எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் சரியான முடிவுதான். ஆனால் அந்தச் சாம்பலுக்குள் ஒரு சிவப்புப் போர்வை, ஒரு மஞ்சள் பஸ், ஒரு விளக்கு இருந்தால் நிறுத்தி யோசியுங்கள். அந்த ஒற்றை நிறம் படத்தின் பொருளா, அல்லது பொருளிலிருந்து கண்ணைத் திருடும் இடைஞ்சலா? பொருளென்றால் வண்ணம். இடைஞ்சலென்றால் கறுப்பு வெள்ளை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மங்கிய, கவனமின்றி எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் அது 'கலை' ஆகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வண்ணத்தில் சொல்ல ஒன்றும் இல்லாத படம் கறுப்பு வெள்ளையிலும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மருமகன் எதைக் கொடுத்தான்?

இவ்வளவையும் எழுதி அனுப்பிய பிறகு, "உன்ட சரிவுப் படத்தில நீ காட்ட நினைச்சது எது?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு சொன்னான்: "படம் எடுக்கக்க நான் ஜன்னலப் பாக்கல்ல மாமா. மரத்தத்தான் பாத்தன். உம்மா சொன்ன பிறகுதான் ஜன்னல் இரிக்கிறதே தெரிஞ்சிச்சு."

ஆகவே மரங்களைப் பார்த்து எடுத்தவனுக்குக் கறுப்பு வெள்ளைதான் நேர்மையான படம். கண்காட்சிக்கு அதைத்தான் கொடுத்தான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஆனால் அதோடு முடியவில்லை. அடுத்த கிழமை அதே நேரத்துக்கு அதே சரிவுக்குத் திரும்பவும் போயிருக்கிறான். இந்த முறை மரங்களை விட்டுவிட்டு, மாடிவீட்டுக்குக் கிட்டப் போய் நின்று எடுத்திருக்கிறான். நீலப் பனி, அதில் விழுந்து கிடக்கும் ஜன்னல் வெளிச்சத்தின் மஞ்சள் சதுரம், உள்ளே யாரோ தேநீர் ஊற்றுகிற நிழல். அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்க அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ராத்தாவின் போனில் இப்போது அந்தப் படம்தான் முகப்பில் இருக்கிறது.